ஏற்றத்துக்கு என் டயர், இறக்கத்துக்கு அவர் டயர்

வைகை அணையில் மகள் வீட்டில் இருந்தேன். காலையில் சாப்பிட உட்கார்ந்த நேரம், கம்பத்திலிருந்து என் மகன் செல்வம் போன் செய்தான். "அப்பா, ராவுத்தர் தவறிட்டாகப்பா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாகளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றான். என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "அது எப்படிடா? பேச்சு இன்னும் முடியலையே."

மகள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். எந்தப் பேச்சு என்று செல்வத்துக்குத் தெரியும். நம் சங்கத்தில் லாரி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

கம்பம் மெட்டு ரோட்டில் டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருந்த சிக்கந்தர் ராவுத்தரைப் பற்றி எழுதுகிறேன். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி, அச்சில் வேகவைத்து, மறுபடி ஓடவைப்பது அவர் தொழில். இதையெல்லாம் சங்கத்தின் இரங்கல் கூட்டத்திலேயே பேசியிருப்பேன். என்னைப் பேச விடவில்லை. நான் எழுந்தபோது செயலாளர் என் காதருகே குனிந்து, "அண்ணே, இன்னைக்கு மட்டும் வேணாம்ணே. அவுக குடும்பத்தாளுக வந்திருக்காக" என்றார். மேடையேறினால் சண்டை போடுவேன் என்று பயம். பேசியவர்களோ, பொறுமையானவர், யாரிடமும் முகம் சுளிக்காதவர், எல்லோர் பேச்சையும் கேட்டு நடந்தவர் என்று ஒருவர் விடாமல் பேசிவிட்டு இறங்கினார்கள். அவரைத் தெரிந்தவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அவர் யார் பேச்சைக் கேட்டார்? பொறுமை அவர் கடைப் பக்கமே வந்ததில்லை. நல்ல மனிதரைப் பற்றிப் பொய் சொல்லித்தான் புகழ வேண்டுமா? சங்க மலருக்கு எழுதுங்கள் என்றார்கள். ஒரு வரியும் வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தேனி தனி மாவட்டமான சமயத்தில் ஏலத்தில் ஒரு பழைய ராணுவ லாரியை எடுத்தேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. பின்னாலும் ஒற்றை டயர்தான். கம்பத்திலிருந்து தார் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி மலைமேல் இருக்கும் மெட்டுக்குப் போய், அங்கிருந்து ஏலக்காய்த் தோட்டத்து மண் ரோட்டில் இறங்க வேண்டும், ஏற வேண்டும், மறுபடி ஏற வேண்டும். போகும்போது உரமும் அரிசியும். வரும்போது வெட்டிய சில்வர் ஓக் மரத்தடி. மழைக்காலத்தில் அந்த மண் ரோட்டில் வேறு எந்த லாரியும் போகாது. அதை நம்பித்தான் கைக்காசு முழுவதையும் போட்டேன்.

வண்டியை நேரே ராவுத்தர் கடைக்குக் கொண்டுபோய், "நாலுக்கும் லக் டயர் போடுங்க" என்றேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லக் டயர் என்றால் குறுக்கே கட்டை கட்டையாகத் தடித்த ரப்பர் இருக்கும். சேற்றில் ஒவ்வொரு கட்டையும் மண்வெட்டி போல இறங்கிப் பிடிக்கும். ரிப் டயர் என்றால் நீளவாக்கில் கோடுகள் ஓடும். தாரில் அது நன்றாக ஒட்டும், சொன்ன பக்கம் திரும்பும், மழைத் தண்ணீரைக் கோடு வழியாக ஒதுக்கிவிடும்.

அவர் என்னைவிட நாலைந்து வயதுதான் இளையவர். அன்றைக்கே எனக்குப் 'பெரியவரே' என்று பெயர் வைத்துவிட்டார்.

"பெரியவரே, மலை ஏற மட்டும் போறீகளா, இல்ல இறங்கி வர்ற உத்தேசமும் இருக்கா?"

"ஏறாம எங்கிட்டு இறங்குறது?"

"ஏற முடியலேன்னா வண்டி அங்கனயே நிக்கும். நிக்க முடியலேன்னா என்ன செய்யும்?"

"நிக்கிறது டிரைவர் கால்ல இருக்கு ராவுத்தரே."

"ஒங்க காலு சக்கரத்தத்தான் நிறுத்தும். வண்டிய நிறுத்துறது தரையில ஒட்டியிருக்கிற கையகல ரப்பரு. இறங்கும்போது பாரமெல்லாம் முன்னால வந்து உட்காரும். முன் சக்கரத்துலதான் பிரேக்கே. அங்க போயி லக்கப் போட்டீகன்னா, தாருல பாதிதான் படும். மிச்சம் பாதி வெறும் காத்து."

நான் விடவில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு முன்னாலும் பிடிமானம் வேண்டும், இல்லையென்றால் சேற்றில் ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேரே போகும் என்றேன். இரண்டு பேருக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த கம்பெனி வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. அவர் தேய்ந்து வந்த டயர்களைத் தடவிப் பார்த்துக் கற்றவர். நான் வண்டியைக் குழியில் விட்டுக் கற்றவன். அப்படிக் கற்றவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பின்னால் இரண்டுக்கும் லக் போட்டுக் கொடுத்தார். முன் சக்கரத்தைத் தொட மாட்டேன் என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எதிர்க் கடையில் போட்டுக்கொண்டேன். வாங்க வந்தவனுக்கு விற்க மாட்டேன் என்று சொன்ன வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

மெட்டு ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் நம் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மலையேறும் முன் வண்டியை நிறுத்தி, சூடம் காட்டி, முன் சக்கரம் இரண்டுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் போவோம். வண்டிக்காரர்களின் இன்னொரு வழக்கமும் உண்டு. புது டயர் வந்தால் பின்னால் போடுவது, பின்னால் தேய்ந்ததை முன்னால் மாற்றுவது. ஏற்றம்தானே பயம்? ராவுத்தர் ஒருநாள் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நம் சங்கத்து ஆள் ஒருவர், பெயர் வேண்டாம், பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, இப்ப கீழ குனிஞ்சியே, என்ன பாத்த?" என்றார் ராவுத்தர்.

"பழத்தத்தான் பாத்தேன் பாய்."

"அத வச்ச டயரப் பாத்தியா? மொட்டத் தலையில பழம் வச்ச மாதிரி இருக்கு. சாமிக்கே கூசும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஆளுக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த சவாரிக்கு முன் டயரை மாற்றிக்கொண்டு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். "ஏறுறதுக்கு டயர் வாங்குறீக, இறங்குறதுக்குச் சாமி கும்பிடுறீக" என்று ராவுத்தர் எங்களைப் பார்த்துச் சொன்னது அன்றுதான். கோபப்படுத்தத்தான் சொன்னார். கோபம் வந்தது.

அவர் தோற்றதையும் எழுதுகிறேன். மேடையில் ஒருவரும் சொல்லவில்லையே. ஒருமுறை முன் டயர் ஒன்று பக்கவாட்டில் கிழிந்துபோய், அவசரத்துக்கு அவரிடமே ரிப் ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே போனேன். தாரில் சொகுசாகத்தான் போனது. மண் ரோட்டில் முதல் வளைவிலேயே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தும் வண்டி நேரே போய் ஏலச் செடிகளுக்குள் இறங்கிவிட்டது. கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் ஓடை. சேதி கேட்டு அவர் ஜீப் பிடித்து மேலே வந்தார். முன் டயரைத் தடவினார். கோடுகளுக்குள் களிமண் அடைத்துக்கொண்டு, டயர் பானை போல வழவழவென்று இருந்தது. இப்போதாவது சொல்வார் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மண்ணைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"மண்ணு சரியில்ல" என்றார்.

அவ்வளவுதான். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தோட்டத்து ஆட்கள் கயிறு கட்டி வண்டியை இழுக்கும்வரை அந்த வார்த்தை என் காதிலேயே நின்றது. பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் குத்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு ஜோடி டயர் செய்தார். எனக்காக என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. நடுவில் நீளக் கோடு, இரண்டு ஓரத்திலும் கட்டை. ரப்பர் மிருதுவானது. கடினமான ரப்பர் வெகுநாள் உழைக்கும், ஆனால் நனைந்த தாரிலும் பாறையிலும் வழுக்கும். மிருதுவானது ஒட்டிப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். டயர் வாங்க வருகிறவன் எத்தனை ஓட்டம் தாங்கும் என்றுதான் கேட்பான். எப்படி நிற்கும் என்று எவன் கேட்கிறான்? அதனால் அந்த ஜோடி விற்கவில்லை. ராணுவ லாரி ரிம்மில் மாட்டி, காற்றடித்து, கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். நான் போகும்போதெல்லாம், "பெரியவரே, பொண்ணு தயாரா இருக்கு. மாப்பிள்ளைதான் முறுக்கிக்கிட்டுத் திரியிறாக" என்பார். நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

இனி அந்த ஐப்பசி மழைக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் சாகும்வரை பேச வேண்டிய பேச்சு அன்றுதான் ஆரம்பித்தது.

விடாத மழை. மத்தியானம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை போன் செய்தார். தோட்ட ரோட்டை ஓடை அறுத்துவிட்டது, காலையில் கம்பத்திலிருந்து வேலைக்குப் போன பெண்களை இறக்க ஜீப்புகளால் வர முடியவில்லை, அவர்கள் ஒதுங்கி நிற்கிற கொட்டகைக்கு மேலே கரை சரிந்துகொண்டிருக்கிறது என்றார். இருட்டுவதற்குள் இறக்கியாக வேண்டும். அந்த ரோட்டில் போகக்கூடிய வண்டி என்னுடையது ஒன்றுதான். என் வலது முழங்கால் அந்த வருடம்தான் என்னைக் கைவிட்டிருந்தது. அதனால் ஸ்டீயரிங்கில் என் மகன் செல்வம். அவனுக்கு அப்போது கைக்குழந்தை ஒன்று இருந்தது. பக்கத்தில் நான்.

மெட்டு ரோட்டில் ராவுத்தர் கடைக்கு முன்னால் போனபோது, அவர் நனைந்துகொண்டே ரோட்டுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"ஆளுகள ஏத்திக்கிட்டு, இந்த மழையில, முன்னால லக்கோட தாருல இறங்கப் போறீகளா?"

"வழிய விடுங்க ராவுத்தரே. லக் இல்லாம வண்டி தோட்டத்துக்கே போகாது. மண்ணு சரியில்ல, ஞாபகமிருக்கா?"

"குத்துறதுக்கு நேரமா இது? மரத்தடி வழுக்கி விழுந்தா நட்டம். அங்கன நிக்கிறது பொம்பளைக."

"அதனாலதான் சீக்கிரம் போகணும்ங்கிறேன்!"

செல்வம் எஞ்சினை உறுமவிட்டான். ராவுத்தர் நகரவில்லை. கடைப் பக்கம் திரும்பி ஆட்களைச் சத்தம் போட்டார். சுவரில் சாய்ந்திருந்த அந்த ஜோடியை உருட்டி வந்து, ஜாக்கியோடு லாரிக்குப் பின்னால் ஏற்றினார்கள். கேபின் கதவைத் திறந்து என்னை நகர்த்திவிட்டு அவரும் ஏறி உட்கார்ந்தார்.

"ஏறும்போது ஒங்க டயர். தார் ரோட்டுக்கு வந்ததும் என் டயர். இப்ப எடு வண்டிய" என்றார் செல்வத்திடம். என் வண்டிக்கு உத்தரவு போடுகிறார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டதற்கு நேரம் இல்லாததுதான் காரணம்.

தோட்டத்து ரோட்டில் லக் டயர் என் மானத்தைக் காப்பாற்றியது. ஓடை அறுத்த இடத்தில் முன் சக்கரம் இறங்கி, ஒருமுறை சுழன்று, மண்ணைப் பிடித்து மேலே வந்தது. நான் ராவுத்தரைப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு மண்ணு சரியா இருக்கு" என்றார்.

பெண்களை ஏற்றினோம். கொட்டகைக்கு மேலே கரையிலிருந்து கல்லும் மண்ணும் உருண்டு கூரையில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில், மெட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ரோடே ஒரு சாய்ந்த பாறையாக இருக்கும். லாரி நீளத்துக்கு மேல் இருக்கும். உள்பக்கம் கரை. வெளிப்பக்கம் ஒன்றும் கிடையாது, கீழே மரங்களின் உச்சிதான் தெரியும். பாறை முடிந்ததும் மண் ரோடு உள்பக்கமாக வளையும். போகும்போது பாறையில் ஏறிவிட்டோம். வரும்போது அதே பாறையில் பாரத்தோடு இறங்க வேண்டும், பாறைமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

ராவுத்தர் இறங்கி முன்னால் நடந்தார். பாறைக்குக் கீழே, உள்பக்கம் கரையோரமாக நின்று துண்டை ஆட்டி வழிகாட்டினார். செல்வம் சின்ன கியரில் இறக்கினான். பாதிப் பாறையில் வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தது. அவன் பிரேக்கை மிதித்தான். சக்கரம் நாலும் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. ஆணியடித்த செருப்பு சிமெண்டுத் தரையில் சறுக்குவது போல, லக் கட்டைகள் பாறையில் கிறீச்சிட்டுக்கொண்டு வண்டி நகர்ந்தது. வெளிப்பக்கமாக. செல்வம் ஸ்டீயரிங்கை உள்பக்கம் ஒடித்தான். நின்றுபோன சக்கரம் திரும்பி என்ன பயன்? வண்டி தன் போக்கில் போனது. பின்னால் பெண்கள் அலறினார்கள்.

"மிதிடா! விடாத, மிதி!" என்று நான் கத்தினேன்.

"கால எடு! செல்வம், கால எடுடா!" என்று கீழேயிருந்து ராவுத்தர் கத்தினார்.

செல்வம் காலை எடுத்தான்.

சக்கரம் உருண்டது. உருண்டதும் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்டது. வண்டி வெளிப்பக்கத்தை விட்டு உள்பக்கம் திரும்பி, பாறையை விட்டு மண்ணில் இறங்கி, நேரே ராவுத்தர் நின்ற இடத்துக்குப் பாய்ந்தது. மண்ணில் லக் பிடித்தது. மறுபடி மிதித்தான், நின்றது. முன்னால் ஆளைக் காணோம். நான் முழங்காலை மறந்து குதித்தேன். கரையோடு கரையாக முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். பம்பருக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை நுழையும். கைலியில் பம்பர் மண் அப்பியிருந்தது.

"பாத்தீகளா?" என்றார். மூச்சு வாங்கியது. "பாறையில வழுக்குனது ஒங்க டயர்."

"மண்ணுல பிடிச்சதும் என் டயர்தான்" என்றேன்.

பேச்சு அங்கே ஆரம்பித்தது.

மெட்டுக்கு வந்ததும் சொன்னபடியே முன் சக்கரம் இரண்டையும் கழற்றச் சொன்னார். மழை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து பேச்சியம்மா என்கிற பெண், உங்களில் பலருக்கு அவரைத் தெரியும், எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏ ராவுத்தரே, டயர் கடைய இங்கனயே போட்டுட்டீகளா? வீட்டுல பிள்ளைக பசியோட கிடக்கு. சக்கரத்தக் கழட்டி விளையாடுறீக!"

"ஆத்தா, பிள்ளைக ஒன்னைய முழுசாப் பாக்கணுமா வேணாமா? பேசாம உக்காரு" என்றார் அவர், நட்டைத் திருகிக்கொண்டே.

மாட்டி முடித்தும் விடவில்லை. சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் சமமான மண் தரை இருக்கிறதல்லவா, அங்கே வண்டியைக் கொஞ்சம் உருட்டி ஒரே மிதியாக மிதிக்கச் சொன்னார். பிறகு குனிந்து தடத்தைப் பார்த்தார். டயரின் கோடு அச்சடித்தது போலத் தெளிவாக விழுந்திருந்தால் சக்கரம் உருண்டு நின்றிருக்கிறது. மண்ணில் தீற்றலாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு பக்கமும் தடம் அச்சாக இருந்தது. "முன் இழுவைய எடுத்துவிட்டுரு, பின் சக்கரம் மட்டும் இழுக்கட்டும். டயர் வேற வேற, தாருல சண்டை போடும். ரெண்டாவது கியர்லயே வா" என்றார் செல்வத்திடம். எடுத்துவிட்டால் எஞ்சினால் முன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த முடியாதே என்றேன். வளைவில் திரும்பாமல் முறுக்கிக்கொண்டு நிற்பதற்கு அது தேவலை என்றார். அதுவும் இன்னும் தீரவில்லை.

இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலே வந்த பஸ் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு திரும்பியது. செல்வம் மிதித்தான். வண்டி நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு நின்றதே தெரியவில்லை. கேபினில் நாங்கள் மூன்று பேரும் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ராவுத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பேசாமல் இருந்ததற்கு என்ன பதில் சொல்வது?

மறுநாள் ஊரெல்லாம் இதே பேச்சு. எல்லோரும் ராவுத்தரைப் புகழ்ந்தார்கள். என் வண்டி, என் மகன், என் லக் டயர் மண்ணில் பிடித்தது, இது ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. அதைவிட எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. என் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் பேச்சைத் தள்ளிவிட்டு, அவர் பேச்சைக் கேட்டான். அதை நான் அவனிடம் கேட்கவில்லை. வருடக்கணக்கில் கேட்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் கடையில்தான். டீ வாங்கி வரச் சொன்னார். வழக்கம்போல ஆரம்பித்தார்.

"பெரியவரே, பாறையில வழுக்குனது எந்த டயர்? அத ஒங்க வாயால சொல்லிருங்க. நான் விட்டுர்றேன்."

"மண்ணுல பிடிச்சது எந்த டயர்? மொதல்ல நீங்க சொல்லுங்க."

"சாகுறதுக்குள்ள ஒங்க வாயிலருந்து வாங்காம விடமாட்டேன்."

"யாரு சாகுறதுக்குள்ள?" என்று கேட்டேன்.

டீ சிந்தும்படி சிரித்தார். அதுதான் கடைசி.

அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அன்றும் மழை. அடக்க இடத்துக்குள் போகும் பாதை இறக்கம். செம்மண் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. முன்னால் போனவர் கால் ஒருமுறை சறுக்கி நிலைத்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நில்லுங்கப்பா! செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல இறங்குங்க. பாரமெல்லாம் முன்னால வரும்" என்று கத்திவிட்டேன். ஒருவர் திரும்பி, "பெரியவரே, இங்கனயுமா?" என்றார். முறைத்துப் பார்த்தார்கள். ராவுத்தருடைய மருமகன் முன்னால் தோள் கொடுத்திருந்தார். அவர்தான் முதலில் செருப்பை உதறினார். மற்றவர்களும் உதறினார்கள். கால் விரல்களை மண்ணில் ஊன்றி மெதுவாக இறங்கினார்கள். யாரும் சறுக்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் செல்வத்திடம் கேட்டேன். இத்தனை வருடம் கேட்காததை அன்று கேட்டேன்.

"அன்னைக்குப் பாறையில நான் மிதிங்கிறேன், அவரு எடுங்கிறாரு. பெத்தவன் பேச்ச விட்டுட்டு ஏன்டா அவரு பேச்சக் கேட்ட?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "யோசிக்கல்லாம் நேரமில்லப்பா. வண்டி வர்ற வழியில அவுகதான் நின்னாக. பிரேக்க விட்டா வண்டி அவுக மேலதான் திரும்பும். அப்படி நிக்கிறவுக கால எடுன்னு கத்துனா, நல்லாத் தெரிஞ்சுதானப்பா சொல்லுவாக?"

அவனுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ராவுத்தரும் அதைக் கேட்டதில்லை. டயர் எது, மண் எது, பாறை எது என்று எல்லாவற்றையும் தோண்டித் துருவிக் கேட்டார். ஏன் மிதிக்கச் சொன்னேன் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. தெரியாத ஆள் பதறிக் கத்தினான் என்றே நினைத்துக்கொண்டு போய்விட்டார். பிரேக்கை விட்டால் வண்டி எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? அங்கே நின்றது யார் என்றும் தெரியும். அதனால்தான் மிதி என்றேன். இதை அவர் கடையில் டீ குடித்துக்கொண்டே ஒருநாள் சொல்லியிருக்கலாம். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். மேடையில் சொல்லலாம் என்று எழுந்தேன். உட்காரச் சொன்னீர்கள். இப்போது அச்சில் வரட்டும்.

அவர் செய்த ஜோடி என்னிடம்தான் இருக்கிறது. மழை நாளில் லாரிக்குப் பின்னால் ஏறும். தோட்டத்துக்கு லக்கோடு போவோம். மெட்டுக்குத் திரும்பி வந்ததும் முன் சக்கரத்தை மாற்றுவோம். ஜீப்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாற்றியபின் செல்வம் மண் தரையில் ஒரு மிதி மிதிப்பான். நான் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தடத்தைப் பார்ப்பேன். கோடு அச்சாக விழுந்திருந்தால்தான் கையைக் காட்டுவேன்.

அவர் சொன்னதில் பாதிதான் சரி. இதை இன்றும் சொல்வேன், எங்கும் சொல்வேன். இறங்குகிற பாதி. அந்தப் பாதியை நான் வைத்துக்கொண்டேன் ராவுத்தரே.